சதுக்கத்துக்கு ஒரு பெயர்

மக்களிடம் கருத்துக் கேட்பது மழைக்காலத்தில் செய்ய வேண்டிய வேலை. வெயில் நாட்களில் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. மழை பெய்தால் எல்லோரும் உள்ளேயே இருப்பார்கள். வேறு வேலை இல்லாததால் கேட்டதற்குப் பதிலும் சொல்வார்கள். இனி எப்போதாவது இந்தப் பக்கத்தில் யாராவது இப்படியொரு பொறுப்பை எடுத்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

என் பெயர் லெட்சுமணன். வயது நாற்பத்தாறு. தகப்பனார் தூத்துக்குடியிலிருந்து வந்து கண்டியில் கடை வைத்தவர். எனக்குக் கடை சரிவரவில்லை. இருபத்திரண்டு வருடமாக அரசாங்கக் கச்சேரிக்கு எதிரே மேசை போட்டு, சனங்களின் முறைப்பாடுகளைப் பெட்டிசமாக எழுதிப் பிழைக்கிறேன். வருகிறவர்கள் அழுவார்கள், ஏசுவார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவார்கள். அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து ஒரு பக்கத்தில் அடக்குவது என் தொழில். நீதவான் ஐயா அவர்களே, பொலிஸ் சார்ஜன் எழுதிய வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நடந்தது எல்லாம் அதில் இருந்தது. வசனம்தான் நன்றாக இல்லை. ஆகவே என் கையாலேயே எழுத அனுமதி கேட்டேன். தந்ததற்கு நன்றி.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஆற்றோரமாக, ஒரு பழைய கோப்பிக் களஞ்சியம் இருந்தது. கோப்பி போய் ஐம்பது வருடம். கூரை விழுந்து, சுவர் விழுந்து, கடைசியில் மாடு கட்டும் இடமாகிவிட்டது. காணி ஹபீல் முதலாளிக்குச் சொந்தம். புடவை வியாபாரி, நல்ல மனிதர். வருகிற மாசியில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்திருந்தார். போவதற்குள் ஊருக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அவருக்கு எண்ணம். சென்ற ஆனி மாதம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"இப்ப எல்லாருக்கும் வோட்டு வந்திரிச்சி" என்றார். "கவர்மெண்டே சனத்துக்கிட்டக் கேக்குது. நாங்களும் கேப்பம். அந்தக் காணில பெரியவங்க சின்னவங்க எல்லாரும் வந்து காத்து வாங்க ஒரு சதுக்கம் கட்டோணும். அது எப்பிடி ஈக்கோணும் எண்டு சுத்தி ஈக்கிறவங்களே செல்லட்டும். நீங்க ஊட்டுக்கு ஊடு போய்க் கேளுங்க."

சந்தோஷமாகச் சம்மதித்தேன். அவர் ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"எல்லாரும் ஒரே வாயாச் செல்ற விசயம் ஒண்டாவது ஈக்கோணும். ஒண்டுலயும் ஒத்து வராத சனத்துக்குச் சதுக்கம் கட்டிக் குடுத்தா, சண்ட புடிக்க எடம் குடுத்த மாதிரித்தான். அப்பிடீண்டா கம்பளை மர வியாபாரிக்கே காணியக் குத்தகைக்கு விட்டுட்டுக் கப்பலேறிப் போறன்."

அந்த நிபந்தனை நியாயமானது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

முதலாளி நான்கு கேள்விகள் சொன்னார். சதுக்கத்தில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது, எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும், அதனால் உங்கள் வீட்டுக்குத் தொந்தரவு உண்டா. படிவமாக அடிக்க அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பார்த்தபோது நான்கு கேள்விகளும் முக்கால் பக்கத்தில் முடிந்துவிட்டன. கீழே வெறுமையாகக் கிடந்தது கண்ணுக்கு நன்றாக இல்லை. ஆகவே ஐந்தாவதாக ஒரு கேள்வியை நானே சேர்த்தேன்: சதுக்கத்துக்கு யாருடைய பெயரை வைக்கலாம், ஏன்? பக்கத்தை நிரப்புவதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

காணியைச் சுற்றி வீடும் கடையுமாக நாற்பத்துமூன்று வாசல்கள். என் வீடும் அதில் ஒன்று. குடையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். தெரியாதவர்கள் சொல்ல நான் எழுதினேன். ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன்.

சலூன் வைத்திருக்கும் ராஜலிங்கம், மரமே இருக்கக் கூடாது என்றார். மரம் இருந்தால் காகம் வரும். பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி, தபால் பியோனின் மனைவி, மரம் வேண்டும் என்றார். அதுவும் ஒரே வருடத்தில் வளர்ந்து, சதுக்கம் அவர் ஜன்னலுக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும். தெரிந்தால் புருஷன் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாராம். தகர வேலை செய்யும் சாஹுல் ஹமீது, சதுக்கம் வட்டமாக இருக்க வேண்டும் என்றார். சதுக்கம் என்றாலே சதுரம்தான் என்று விளக்கினேன். "அதத்தான் மாத்தச் செல்றன்" என்றார். எழுதிக்கொண்டேன். ஒருவர் மணிக்கூட்டுக் கோபுரம் கேட்டார். அவருக்கு எதிர்வீட்டுக்காரர், கோபுரம் வரட்டும், ஆனால் மணி அடிக்கக் கூடாது, நேரமும் காட்டக் கூடாது என்றார். ஏழு பேர் பாண்டு வாத்தியம் வேண்டும் என்றார்கள். ஏழு பேர் பாண்டு வந்தால் வீட்டை விற்றுவிட்டுப் பன்விலைக்குப் போய்விடுவோம் என்றார்கள். ஒரு பெரியவர் நான்கு கேள்விகளுக்கும் "யோசித்துச் செய்யவும்" என்று எழுதினார். ஆற்றுப் பக்கம் கம்பி வேலி வேண்டும் என்று பத்தொன்பது வீடுகள் கேட்டன. மீதிப் பேர், வேலி போட்டால் ஆற்றில் எப்படி இறங்கிக் குளிப்பது என்றார்கள்.

ஆப்பக் கடை கைரியாதான் அதிக நேரம் எடுத்தவர். அவர் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டே ஒன்றரை மணி நேரம் சொன்னார். "ஒக்கார வாங்கு போடுங்க அண்ணே. ஆனா என்ட கடைக்கு முன்னுக்குப் போட வாணாம். ஒக்காந்தவன் எழும்ப மாட்டான். கடையை உட்டுத் தூரத்துலயும் போட வாணாம். அங்க ஒக்காந்தவன் இங்க வர மாட்டான்."

"அப்ப எங்க போடலாம்?"

"அதத்தானே நீங்க கேட்டு வந்தீங்க" என்றார்.

ஆனியில் ஒரு சுற்று, ஆவணியில் ஒரு சுற்று, ஐப்பசியில் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முந்திய சுற்றில் ஒத்துப்போனவர்கள் பிரிந்தார்கள். முதல் நான்கு கேள்விகளில் எந்த ஒன்றிலும் ஊர் முழுவதும் ஒன்றாக நிற்கவில்லை.

ஐந்தாவது கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள்.

அந்தப் பெயர் பெரியதம்பி. யாழ்ப்பாணத்து ஆள். பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பது வருடம் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்து, வேலை விட்ட பின் எங்கள் வரிசையின் கடைசி வீட்டில் குடியிருந்தார். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. அவர் என்ன செய்தார் என்று கேட்டால் சொல்வது கடினம். யாருக்காவது காய்ச்சல் என்றால் வருவார். சிவப்பு நிற மருந்து ஒரு போத்தல் கொடுப்பார். அது பெரும்பாலும் பெப்பர்மிண்ட் தண்ணீர்தான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். காய்ச்சல் விட்டதும் எழுந்து போவார். அவ்வளவுதான். படித்த டாக்டர்கள் இருக்கும் ஊரில் இதற்காக ஒருவருடைய பெயரை நாற்பத்திரண்டு வீடுகள் எழுதின என்பதைத் தகவலாகச் சொல்கிறேன்; குறை கூறவில்லை.

நாற்பத்திரண்டு என்று சொன்னதில் என் வீடும் அடக்கம். எங்கள் படிவத்தைப் பரிமளம் நிரப்பினாள். பரிமளம் என் மனைவி.

"எல்லாரும் அப்போதிக்கரி ஐயா பேரத்தான் எழுதியிருக்காங்களாமே" என்றாள், சோறு போட்டுக்கொண்டே.

"ஆமா."

"ஒங்க பேர ஒருத்தரும் எழுதலியா?"

ஏன் கேட்கிறாய் என்றேன்.

"ஆறு மாசமா மழையில படி ஏறி எறங்குறீங்களே, அதுக்குக் கேட்டேன்."

"நீ எழுதினியா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நா காய்ச்சல்ல கெடந்தப்ப பதினோரு நாளு பக்கத்துலயே ஒக்காந்திருந்தாரு. வேற யாரு பேர எழுதச் சொல்றீங்க?"

அது சரியான பதில். அந்தப் பதினொரு நாளும் நானும் வீட்டில்தான் இருந்தேன். பக்கத்து அறையில் ஒரு காணி வழக்குக்குப் பெட்டிசம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதும் ஏற்படவில்லை. ஏற்பட்டிருந்தால் இங்கே எழுதியிருப்பேன்.

நாற்பத்துமூன்றாவது படிவம் பெரியதம்பியுடையது. அதை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. எப்போது கேட்டாலும், "யோசிச்சுத் தாறன் தம்பி" என்பார். அவர் தன் பெயரையே எழுதத் தயங்குகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

கார்த்திகையில் படிவங்களை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் முதல் நான்கு கேள்விகளை வாசித்து வயிறு குலுங்கச் சிரித்தார். ஐந்தாவதற்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தி, நாற்பத்திரண்டு தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"நல்ல மனிசன். பொருத்தமான பேருதான்" என்றார். "ஆனா உசிரோட ஈக்கிறவருக்குப் பேரு வைக்க என்னால ஏலா. பேரு வச்ச அண்டைக்கே மனிசனுக்குப் பெரும வந்திரும். நாங்க அவரக் கெடுத்த மாதிரி ஆகும். மவுத்தானவருக்கு வச்சா, பாத்துட்டுப் போறவங்க துஆச் செய்வாங்க."

"எல்லோரும் ஒத்துவந்தது இது ஒன்றில்தான்" என்றேன்.

"அதச் செய்ய ஏலாதே. வேற ஒண்டக் கொண்டு வாங்க. தை மாசத்துக்குள்ள கெடைக்காட்டி மர வியாபாரிக்குச் செல்லிருவன்."

நான்காவது தடவை படியேறினேன். வேறொரு பெயர் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. உங்கள் மனதில் வேறு யாருமே இல்லையா, நன்றாக யோசியுங்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் சற்று நேரம் நின்றும் பார்த்தேன். ராஜலிங்கம், "அவர் பேர் இல்லேன்னா ஒரு பேரும் வேணாங்க" என்றார். கைரியா ஆப்பத்தைப் புரட்டியபடி, "அவருக்குக் காலம் வரட்டுமே. அதுமட்டும் காத்துக்கிட்டு ஈப்பம்" என்றார்.

ஊரின் நிலைமை இதுதான். எல்லோருக்கும் சதுக்கம் வேண்டும். எல்லோருக்கும் ஒரே பெயர் வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் உயிரோடிருப்பது ஒன்றுதான் தடை. யாரும் இதை இப்படி நேராகச் சொல்லவில்லை. ஆனால் மக்கள் நேராகச் சொல்லாததைக் கண்டுபிடித்து ஒரு பக்கத்தில் அடக்குவதுதான் இருபத்திரண்டு வருடமாக என் வேலை.

முதலில் இயற்கையான வழி உண்டா என்று விசாரித்தேன். அவருக்கு வயது அறுபத்தெட்டு. ஆனால் விடியற்காலையில் எழுந்து கண்டி வாவிவரை நடந்து போய்த் திரும்பி வருவார். பல் எல்லாம் சொந்தப் பல். தைக்குள் எதையும் எதிர்பார்க்க முடியாது என்று தெரிந்தது.

அதன்பின் அவரிடமே போய் விஷயத்தை விளக்கினேன். ஒருவரைப் பற்றிய முடிவை அவருக்குத் தெரியாமல் எடுப்பது எனக்குப் பிடிக்காது.

"வாரும் தம்பி, இரும். மழையுக்கை நல்லா நனைஞ்சு போனீர்" என்று துவாயை எடுத்துத் தந்தார். தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் சொன்னதை எல்லாம் கேட்டார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"அப்ப நான் செத்தால் எல்லாம் சரிவரும் எண்டுறீர்."

"நிலைமை அப்படித்தான் இருக்கிறது ஐயா."

"என்ன செய்யிறது, எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்றார். அவர் ஊர்ப்பேச்சில் நோயைத்தான் வருத்தம் என்பது வழக்கம். "என்ர பேர் என்னத்துக்கு தம்பி? சனத்துக்கு இருக்க ஒரு வாங்கு இருந்தால் காணும். நான் வேணுமெண்டால் ஒவ்வொரு வீடாய்ப் போய், என்ர பேரை வெட்டிவிடுங்கோ எண்டு சொல்லட்டே?"

வேண்டாம் என்று உடனே சொன்னேன். குடியிருப்பாளர்கள் சுதந்திரமாகத் தந்த கருத்தை, அதில் சம்பந்தப்பட்ட ஒருவரே போய் மாற்றச் சொல்வது முறையல்ல. ஒருமுறை அதற்கு இடம்கொடுத்தால் பிறகு எந்தக் கருத்துக்கும் மதிப்பிருக்காது. அவர் அதை ஒத்துக்கொண்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன்: பெரியதம்பி அவர்கள், தாம் இறந்தால் எல்லாம் சரிவரும் என்று கருத்துத் தெரிவித்தார். அந்தப் புத்தகம் இப்போது பொலிஸார் வசம் இருக்கிறது. எழுதப்பட்டிருப்பது அவருடைய வார்த்தைகளே என்பதைக் கவனிக்கலாம்.

டிசம்பர் ஆறாம் தேதி காலை மழை சற்று ஓய்ந்திருந்தது. மூன்று நாள் மழையில் மகாவலி கரையை முட்டிக்கொண்டு ஓடியது. பத்தொன்பது வீடுகள் கேட்ட கம்பி வேலி விஷயம் இன்னும் தீராமல் இருந்தது அல்லவா. வேலி எந்த இடத்தில் வர வேண்டும் என்று வந்து காட்டுங்கள், உங்கள் சொல்லுக்கு எல்லோரும் கட்டுப்படுவார்கள் என்று பெரியதம்பியை அழைத்தேன். கறுப்புக் கோட்டும் குடையுமாக வந்தார். அப்போது மணி பத்து. பாலத்தில் பஸ் ஒன்று போனது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பாலத்தில் யாரும் இல்லை.

களஞ்சியத்தின் உடைந்த கல் அடுக்கில் கால் வைத்து, கவனமாக விளிம்புக்குப் போனார். கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும், என்ர கடதாசி. கன நாள் காக்க வைச்சிட்டன், குறை நினையாதையும். வீட்டை போய் வாசியும்."

நனையாமல் அதை என் உறைக்குள் வைத்தேன். நாற்பத்துமூன்றும் சேர்ந்துவிட்டதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் குடையால் தரையில் ஒரு கோடு இழுத்தார்.

"வேலி இதிலை வரவேணும். இதுக்கு அங்காலை மண் பிடிப்பில்லை. சின்னப் பிள்ளையள் வந்தால் வழுக்கும்."

"எங்கிருந்து எங்கே ஐயா?"

அவர் கோட்டைத் தாண்டி நின்று கையால் காட்டினார். அவர் சொன்ன இடம் மிகச் சரியானது. அவர் முதுகில் என் கையை வைத்தேன். பலமாக அல்ல. மண் உண்மையிலேயே பிடிப்பில்லாமல் இருந்தது. மீதியை ஆறு செய்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்தார். வலி வந்த நோயாளியைப் பார்ப்பதுபோல, உமக்கு என்ன செய்கிறது என்று என்னைக் கேட்கிற மாதிரித்தான் அந்தப் பார்வை இருந்தது. கோபம் இருக்கவில்லை. குடை மட்டும் கரையில் கிடந்தது. அதை மடித்துக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, கச்சேரிக்குப் போய் மேசையைப் போட்டேன். அன்றைக்கு மூன்று பெட்டிசம் எழுதினேன்.

மறுநாள் பொலிஸார் விசாரித்தபோது, அவரை ஐந்தாம் தேதி மாலைக்குப் பின் பார்க்கவில்லை என்று சொன்னேன். அது பொய். இந்த முழு விஷயத்திலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக வருந்துகிறேன்.

இரண்டாம் நாள் பொல்கொல்லைக்கு அருகே அவரை எடுத்தார்கள். வழுக்கி விழுந்ததாகத் தீர்மானமாயிற்று. அப்படியொரு சாவு வீட்டை எங்கள் பகுதி கண்டதில்லை. ராஜலிங்கம் சலூனை மூன்று நாள் பூட்டினார். கைரியா அடுப்பே மூட்டவில்லை. பன்விலையிலிருந்து தோட்டத்துச் சனங்கள் நடந்தே வந்தார்கள். இரங்கல் பத்திரத்தை நான் எழுதி வாசித்தேன். நன்றாக இருந்தது என்று பலர் வந்து சொன்னார்கள்.

அடுத்து நடந்ததை நீதவான் ஐயா அவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ஏழாம் நாள் முடிவதற்குள் எங்கள் ஊர் ஒத்துப்போய்விட்டது. கம்பி வேலி வேண்டாம் என்றிருந்த அத்தனை வீடுகளும் வேண்டும் என்றன. ராஜலிங்கம், அவர் பெயருள்ள இடத்தில் நிழல் வேண்டாமா, மரம் வையுங்கள், காகம் வந்தால் வரட்டும் என்றார். சாஹுல் ஹமீது, சதுரமாகவே இருக்கட்டும் என்றார். வாங்கு எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், என் கடைக்கு முன்னாலேயே போடுங்கள் என்று கைரியா சொல்லி அழுதார். ஆறு மாதம் நான்கு சுற்று நடந்து என்னால் செய்ய முடியாததை ஒரு காலை நேரம் செய்துவிட்டது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு காணி உறுதியில் கையெழுத்து வைத்தார். தைப்பொங்கலுக்கு முந்திய ஞாயிறு கல் நடுவதென்று முடிவாயிற்று.

அந்தச் சனிக்கிழமை படிவங்களை வரிசைப்படுத்திக் கட்டும்போதுதான் நாற்பத்துமூன்றாவது தாளைப் பிரித்தேன். அதுவரை அதை வாசிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் என்ன எழுதியிருப்பார் என்று தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

முதல் கேள்விக்கு, இருப்பதற்கு ஒரு வாங்கு போதும் என்று எழுதியிருந்தார். அடுத்த மூன்றுக்கும், மற்றவர்கள் சொல்வதுபோல் என்று இருந்தது. ஐந்தாவதில் இப்படி எழுதியிருந்தார்: "திரு. லெட்சுமணன். காரணம், இந்த ஊரில் எல்லோருடைய வாசலுக்கும் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களிடம் சொன்னால் வெட்கப்படுவார் என்பதால் நான் மட்டும் எழுதுகிறேன்." அடியில் மருந்துப் போத்தலில் ஒட்டுவதுபோலத் தேதியும் நேரமும் போட்டிருந்தார்: 6.12.1932, காலை.

நெடுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கையெழுத்து மிகத் தெளிவாக இருந்தது. பரிமளம் இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள்.

அதை அடுப்பில் போட்டிருக்கலாம். போட்டிருந்தால் இந்த வாக்குமூலத்துக்கு அவசியமே இருந்திராது. ஆனால் ஒரு குடியிருப்பாளர் தந்த கருத்தை மறைப்பது என் சுபாவத்தில் இல்லை. நாற்பத்திரண்டு பேர் ஒரு பெயரையும் ஒருவர் இன்னொரு பெயரையும் சொல்லியிருக்கும்போது, எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள் என்று கல் நடுவது மோசடியாகும். ஆகவே ஞாயிறு காலை, எல்லோரும் காணியில் கூடியிருக்க, முதலாளி கல்லுக்குப் பக்கத்தில் நிற்க, நான் முன்னால் போய் அந்தப் படிவத்தை வாசித்தேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்பதால் ஐந்தாவது பதிலை இரண்டாம் முறையும் வாசித்தேன்.

சிலர் அழுதார்கள். ராஜலிங்கம் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கைரியாதான் தாளை வாங்கி, எழுத்துக் கூட்டி அடிவரை பார்த்தார்.

"அண்ணே, இதுல ஆறாந் தேதி காலைல எண்டு போட்டீக்கே."

"ஆம்."

"அண்டைக்குக் காலைலதானே அவரு ஆத்துல போனது. நீங்க அவரக் காணவே இல்ல எண்டு பொலிஸுக்குச் சென்னீங்களே. இத எப்ப தந்தாரு?"

"பத்து மணிக்கு."

"எங்க வச்சி?"

"கம்பி வேலி வர வேண்டிய இடத்தில்" என்று காட்டினேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்வதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கேட்டது அவ்வளவுதான் என்றாலும், நடந்த மீதியையும் ஒழுங்காக, காரண காரியத்தோடு எடுத்துச் சொன்னேன். எல்லாம் உங்கள் கருத்துப்படியே நடந்தது என்பதையும் சொன்னேன். ராஜலிங்கம் என் கையை விட்டுவிட்டார். முதலாளி கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பரிமளம் கூட்டத்தில் எங்கே நின்றாள் என்று நான் பார்க்கவில்லை.

ஆகவே, டிசம்பர் ஆறாம் தேதி பெரியதம்பி அவர்களை ஆற்றில் தள்ளியது நான்தான் என்று இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். யாரும் தூண்டவில்லை, கோபமோ பொறாமையோ கிடையாது. ஊரின் பொது விருப்பத்தை நிறைவேற்றவே செய்தேன். எனக்கென்று எதையும் நான் விரும்பியதில்லை.

ஒரேயொரு வேண்டுகோள். மறியற்சாலைக்குக் கிடைத்த தகவல்படி, கல் இன்னும் பெயர் வெட்டப்படாமலே கிடக்கிறதாம். பெரியதம்பி அவர்களின் பெயரை அந்த ஆற்றங்கரையில் வைக்க இப்போது ஊராருக்கே மனம் ஒப்பவில்லையாம். அப்படியானால், முறைப்படி தரப்பட்டு இன்னும் பரிசீலிக்கப்படாத பெயர் ஒன்றுதான் மீதியிருக்கிறது. உயிரோடிருப்பவரின் பெயர் கூடாது என்பது முதலாளியின் நிபந்தனை. தீர்ப்பு எப்படி அமையும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தத் தடையும் அதிக நாள் இராது. நாற்பத்துமூன்றாம் படிவத்தை வழக்குக் கட்டிலிருந்து எடுத்து, கப்பல் புறப்படுவதற்குள் முதலாளிக்கு அனுப்பிவைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கல் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் ‘இலட்சுமணன்’ என்று வெட்டிவிடுவார்கள். அது பிழை. லகரத்துக்குக் கொம்பு போட்டு, ‘லெட்சுமணன்’ என்று இருக்க வேண்டும்.